உயிரணுக்களில் அமினோ அமிலங்களைக் கண்டறியும் ஒளிர் நுண்துகள்கள்

ஒரு திரவத்தில் அமிலம் உள்ளதா, காரம் உள்ளதா என்பதை அறிய லிட்மஸ் தாளை அதில் நனைத்துப் பார்ப்பது பள்ளி மாணவரும் அறிந்த முறையாகும். தாளின் நிறம் மாறுவதைக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருளின் தன்மையை நாம் உணர்கிறோம். இவ்வாறு பயன்படும் பொருள்களுக்குக் காட்டிகள் என்று பெயர். ஆனால், நாம் அறிய விரும்பும் பொருள் கண்ணாடிக் குழாயில் இல்லாமல், உயிரோடிருக்கும் ஓர் உயிரணுவின் உள்ளே இருக்குமாயின், அங்கே காட்டியை எவ்வாறு நுழைப்பது? மனித உடலின் உயிரணுக்களிற் பல, ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு அளவினவே. அத்தகைய சிற்றறையினுள் புகுந்து, ஒளியின் வாயிலாக விடை கூறும் காட்டித் துகள்களை விஞ்ஞானிகள் உருவாக்கியுள்ளனர். அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதும், அவை காட்டும் ஒளியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

அமினோ அமிலங்களின் முக்கியத்துவம்

நம் உடலிலுள்ள புரதங்கள், அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள் மணிகளைப்போல் வரிசையாகக் கோக்கப்படுவதால் அமைந்தவை. புரத ஆக்கத்தில் பொதுவாகப் பங்கு பெறும் அமினோ அமிலங்கள் 20. இவற்றில் அமினோத் தொகுதியும் அமிலத் தொகுதியும் பொதுவான பகுதிகள். பக்கக் கிளை ஒன்றே ஒவ்வொன்றிலும் வேறுபடுகின்றது. ஆகவே, ஓர் அமினோ அமிலத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டுமாயின், அதன் பக்கக் கிளையையே அடையாளமாகக் கொள்ளுதல் வேண்டும்.

சிஸ்டெயின் என்னும் அமினோ அமிலத்தின் பக்கக் கிளையில் ஒரு கந்தக அணுவும் அதனோடு சேர்ந்த ஒரு ஹைட்ரஜன் அணுவும் உள்ளன. இவ்விணைப்புக்குத் தையால் தொகுதி என்று பெயர். பாதரசம், செம்பு, வெள்ளி, தங்கம் முதலிய உலோகங்களை இது விரைந்து பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தையால் தொகுதியுடைய பொருள்களுக்குப் பழைய ரசாயன நூல்களில் வழங்கிய மெர்காப்டன் என்னும் பெயருக்கு, லத்தீன் மொழியில் ‘பாதரசத்தைப் பற்றுவது’ என்பதே பொருளாகும். இந்தப் பற்றுதலே நாம் பின்னர் காணவிருக்கும் காட்டித் துகள்கள் பலவற்றிற்கு ஆதாரம்.

சிஸ்டெயின் மூலக்கூறுகள் இரண்டு, தத்தம் ஹைட்ரஜனை இழந்து கந்தகத்தின் வழியே ஒன்றோடொன்று இணைந்தால் சிஸ்டைன் என்னும் இரட்டைப் பொருள் உண்டாகின்றது. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலித்தாலும் இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். 1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உவோலாஸ்டன் என்னும் ரசாயன அறிஞர் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றில் முதன்முதலாகக் கண்டது இந்தச் சிஸ்டைனைத்தான்.

இப்பொருள்கள் உடலில் நெறி தவறிச் சேருமாயின் நோய்கள் விளைகின்றன. சிறுநீர் வழியே சிஸ்டைன் மிகுதியாக வெளியேறும் பரம்பரைக் குறையினால் கற்கள் உண்டாகின்றன. சிஸ்டெயினைவிடச் சற்றே நீண்ட பக்கக் கிளையுடைய ஹோமோசிஸ்டெயின் மிகுதியாகச் சேரும் குறை 1962-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. இதனால் கண்வில்லை இடம் பெயர்தல், இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதல் போன்ற தீங்குகள் நேரக்கூடும்.

சிஸ்டினோசிஸ் எனப்படும் அரிய நோய் நம் விஷயத்திற்கு மிகவும் பொருத்தமானது. உயிரணுவினுள் லைசோசோம் எனப்படும் நுண்பைகள் உள்ளன. பழுதுற்ற புரதங்கள் இவற்றிலே செரிக்கப்படுகின்றன. செரிமானத்தில் எஞ்சிய சிஸ்டைன் இப்பைகளிலிருந்து வெளியேற ஒரு வாயில் உண்டு. பிறவிக் குறையினால் அவ்வாயில் இயங்காதபோது சிஸ்டைன் உள்ளேயே தேங்கிப் படிகங்களாக உறைகின்றது. குழந்தைப் பருவத்திலேயே சிறுநீரகங்கள் கெடத் தொடங்குகின்றன. இரத்த நீரில் சிஸ்டைனின் அளவைப் பார்த்தால் குறை தெரியாது. உயிரணுவின் உள்ளே பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. ஒரு பொருள் எவ்வளவு உள்ளது என்பதோடு, எந்த இடத்தில் உள்ளது என்பதும் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

முந்தைய முறைகளும் அவற்றின் எல்லையும்

அமினோ அமிலங்களை நின்ஹைட்ரின் என்னும் பொருள் ஊதா நிறமாக்கும் என்பதை 1910-ஆம் ஆண்டில் ரூஹ்மன் கண்டறிந்தார். அமினோ அமிலக் கலவையைத் தாளின்மீது ஊர்ந்து செல்லவிட்டுத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை 1944-இல் வெளியாயிற்று. இதற்கு அடிப்படையான பகுப்பு முறையை வகுத்த மார்ட்டின், சிஞ் ஆகிய இருவரும் 1952-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசைப் பெற்றனர். இன்று இன்னும் நுட்பமான கருவிகள் வந்துள்ளன. அளவிடுவதில் அவை மிகத் துல்லியமானவை.

எனினும், உயிரணுவின் உட்பொருளை இவ்வகைக் கருவிகளில் அளக்க வேண்டுமாயின், முதலில் அதனை உடைத்துச் சாறாக்க வேண்டும். ஒரு வீட்டின் எந்த அறையில் எவ்வளவு நெல் உள்ளது என்று அறிய விரும்பியவர், வீட்டை இடித்து நெல்லையெல்லாம் ஒரே குவியலாக்கி அளந்ததற்கு இதனை ஒப்பிடலாம். மொத்த அளவு பிழையின்றிக் கிடைக்கும்; ஆனால் அறைகள் இருந்த இடம் தெரியாது. உயிருள்ள நிலையில் அப்பொருள் நேரத்திற்கு நேரம் எவ்வாறு கூடிக் குறைகின்றது என்பதையும் அதே உயிரணுவில் தொடர்ந்து காண இயலாது. இக்குறையை நீக்கவே ஒளிரும் காட்டிகள் நாடப்பட்டன.

ஒளிர்தல் என்றால் என்ன?

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உட்கொண்டு, வேறொரு நிற ஒளியாக அதனை வெளிவிடுகின்றன. கொயினா உப்பின் கரைசல், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை ஏற்று நீல ஒளியை வீசுவதை 1852-ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் ஆராய்ந்து விளக்கினார். உட்கொண்ட ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிவதால், வெளிவரும் ஒளி பொதுவாக ஆற்றல் குறைந்ததாகவும் அலை நீளம் மிகுந்ததாகவும் இருக்கும். ரூபாய் நோட்டுகளைப் புற ஊதா விளக்கின்கீழ் பிடித்தால் எண்கள் ஒளிர்வதும் இத்தகைய நிகழ்ச்சியே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் செய்து காட்டலாம். பசுங்கீரையை அரைத்துச் சிறிது ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். (ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலால் அருகில் நெருப்பு இருத்தலாகாது.) வடிநீரைக் கண்ணாடிக் குழாயிலிட்டு வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பச்சையாகத் தோன்றும். கறுப்புத் துணியைப் பின்னணியாக வைத்து, நல்ல வெயில் குழாயின்மீது படும்படி செய்து பக்கவாட்டில் நோக்கினால், அதே திரவம் செந்நிறமாகத் தெரியும். இலைப்பச்சை ஒளியை ஏற்றுச் சிவப்பொளியாகத் திருப்பி விடுவதே இதற்குக் காரணம்.

நுண்துகள்களின் சிறப்பு

ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர் ஆகும். சில நானோ மீட்டர் முதல் சில பத்து நானோ மீட்டர் வரை அளவுள்ள துகள்களே இங்கே பயன்படுகின்றன. 10 நானோ மீட்டர் அளவுள்ள துகள் ஆயிரத்தை வரிசையாக அடுக்கினால்தான் சிறியதோர் உயிரணுவின் குறுக்களவு நிரம்பும். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் இத்தகைய துகளின் வடிவத்தைக் காண இயலாது. ஆயினும், தொலைவிலுள்ள விளக்கின் உருவம் தெரியாவிட்டாலும் அதன் சுடர் தெரிவதைப்போல, துகளிலிருந்து வரும் ஒளி ஒரு புள்ளியாகத் தெரியும்.

காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்திகளின் நுண்துகள்களில் ஒளியின் நிறம் துகளின் அளவைப் பொறுத்து அமைகின்றது. ஏறக்குறைய 2 நானோ மீட்டர் அளவுள்ளது நீலமாகவும், 6 நானோ மீட்டர் அளவுள்ளது சிவப்பாகவும் ஒளிரும், பொருள் ஒன்றே. இத்தகைய துகள்களைக் கண்டறிந்து ஆக்கும் முறையை வகுத்த எகிமோவ், புருஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-ஆம் ஆண்டில் ரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவை உயிரணு ஆராய்ச்சியில் 1998 முதல் இடம் பெறலாயின. பின்னர் 2004-இல் அறியப்பட்ட ஒளிரும் கரித் துகள்களும், புரதத்தைப் போர்வையாகக் கொண்டு 2009-இல் ஆக்கப்பட்ட, சில பத்துத் தங்க அணுக்களே கொண்ட சிவப்பொளித் திரள்களும் இவ்வரிசையிற் சேர்ந்தன. காட்மியம் நச்சுத் தன்மையுடைய உலோகம். மேற்பூச்சில்லாத துகள்களிலிருந்து அது கசிந்து உயிரணுக்களைக் கொல்லக்கூடும் என்பது 2004-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் தெளிவாயிற்று. கரியிலும் தங்கத்திலும் நாட்டம் சென்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

துகள் அமினோ அமிலத்தை அறியும் விதம்

ஒளிரும் துகள் தானாகவே எந்த அமினோ அமிலத்தையும் அறிவதில்லை. அறியும் திறனை அதற்கு நாம்தான் அமைத்துத் தர வேண்டும். இதற்குப் பெரிதும் கையாளப்படும் வழி, விளக்கை முதலில் அணைத்து வைத்தலாகும். துகளின் மேற்பரப்பில் செம்பு அல்லது பாதரச அயனிகளைச் சேர்த்தால் அவை பலவகைத் துகள்களின் ஒளியைத் தணித்துவிடுகின்றன. அங்கே சிஸ்டெயின் வந்து சேருமாயின், அதன் தையால் தொகுதி உலோக அயனியைப் பற்றி இழுத்துச் செல்கிறது. தடை நீங்கவே, துகள் மீண்டும் ஒளிர்கிறது. எந்த அளவுக்குச் சிஸ்டெயின் சேர்கின்றதோ அந்த அளவுக்கு, ஓர் எல்லை வரை, ஒளி கூடுகின்றது.

சிஸ்டெயின் வந்தால் ஒளி அணையும்படி அமைத்தலும் உண்டு. ஆனால் உயிரணுவினுள் ஒளி குறைவதற்குக் காரணங்கள் பல இருக்கக்கூடும்: துகள் சிதைந்திருக்கலாம், வெளியேறியிருக்கலாம், நீண்ட நேரம் ஒளிபட்டு மங்கியிருக்கலாம். எனவே, அணையும் விளக்கைவிட ஏற்றப்படும் விளக்கு நல்ல சாட்சியாகும். இதனினும் சிறந்தது இரு நிற முறை. துகளில் மாறாத நிறம் ஒன்றும் மாறும் நிறம் ஒன்றும் அமைத்து, இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால், ஓரிடத்தில் துகள்கள் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதனால் வரும் பிழை பெரும்பாலும் நீங்கும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்ட முறை குறிப்பிடத்தக்கது. அவர்கள் நாடியது தனி அமினோ அமிலத்தை அன்று. குளூட்டமிக் அமிலம், சிஸ்டெயின், கிளைசின் ஆகிய மூன்றும் கோத்த குளூட்டதையோன் என்னும் பொருளை. அகச்சிவப்பு ஒளியை வாங்கி அதைவிட ஆற்றல் மிகுந்த ஒளியை வீசும் அருமண் உலோகத் துகள்களின்மீது, மாங்கனீஸ் டையாக்சைடின் மெல்லிய தகடுகள் படியச் செய்யப்பட்டன. பிராணவாயுவைத் தயாரிக்கும்போது பள்ளிச் சோதனைச் சாலையில் சேர்க்கும் அதே கறுப்புப் பொருள்தான் இது. விளக்கின்மேல் கவிழ்த்த சட்டியைப்போல் அத்தகடுகள் ஒளியை உள்வாங்கிக்கொண்டன. குளூட்டதையோன் அவற்றைத் தாக்கிக் கரையும் மாங்கனீஸ் அயனியாக்கியபோது துகள் மீண்டும் ஒளிர்ந்தது.

உயிரணுவின் உள்ளே நேரும் இடர்கள்

கண்ணாடிக் குழாயில் நன்றாக இயங்கும் காட்டி, உயிரணுவினுள் அவ்வாறே இயங்கும் என்று கொள்வதற்கில்லை. முதலாவது, துகள் எங்கே செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உயிரணு தன் சவ்வை உட்குழித்துத் துகளை விழுங்கும்போது, அது ஒரு சிறு பையினுள் அடைபட்டு, பெரும்பாலும் லைசோசோமைச் சென்றடைகிறது. அங்கே அமிலத்தன்மை மிகுதி. துகள்கள் பலவற்றின் ஒளி அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுவது. அவ்விடத்துச் செய்தியை உயிரணு முழுவதற்கும் உரியதாகக் கொள்ளுதல் தவறாகும்.

இரண்டாவது, உயிரணுவே சிறிது ஒளிர்கின்றது. அதிலுள்ள சில இயற்கைப் பொருள்கள் புற ஊதா ஒளியும் நீல ஒளியும் படும்போது தாமே ஒளி வீசுகின்றன. அருமண் துகள்களை அகச்சிவப்பு ஒளியால் தூண்டினால் இவ்வியற்கை ஒளி பெரும்பாலும் எழுவதில்லை. மேற்சொன்ன சிங்கப்பூர் முறையின் சிறப்புகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது, போட்டிப் பொருள்களின் தொல்லை. உயிரணுவில் சிஸ்டெயினைவிடக் குளூட்டதையோன் பன்மடங்கு மிகுதி; பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை மிகுந்திருப்பதும் உண்டு. தையால் தொகுதி அதிலும் உளது. ஆகவே, தையால் தொகுதியை மட்டும் அடையாளமாகக் கொண்ட துகள் ஒளிரும்போது, அது பெரும்பாலும் குளூட்டதையோனையே சுட்டுகின்றது என்று எண்ண இடமுண்டு. சிஸ்டெயினைத் தனித்தறிய விரும்புவோர், அதன் அமினோத் தொகுதியும் தையால் தொகுதியும் ஒருங்கே பங்குபெறும் வினைகளை நாடுகின்றனர்.

முன்னர்க் கூறிய சிஸ்டினோசிஸ் நோயை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அந்நோயில் தேங்குவது இரட்டைப் பொருளாகிய சிஸ்டைன். அதில் தனித்த தையால் தொகுதி இல்லை. ஆகையால் தையாலை நாடும் காட்டி, நோயிடமாகிய லைசோசோமை அடைந்தும் அதனைக் காணாது. அந்நோய்க்குத் தரப்படும் சிஸ்டியமைன் என்னும் மருந்திலோ தையால் தொகுதி உண்டு. மருந்துண்ட நோயாளியின் உயிரணுவில் காட்டி ஒளிருமாயின், அது மருந்தைக் கண்டு ஒளிர்ந்ததாகவும் இருக்கலாம். நோயிருந்தும் இருளும், நோய்க் குறியின்றியே ஒளியும் தோன்றக்கூடிய நிலை இது.

ஒளியைச் சோதித்தல்

கண்ட ஒளியை உடனே நம்பாமல் அதன் காரணத்தைத் தேடும் வழக்கம் நம் நாட்டு விஞ்ஞானத்திற்குப் புதிதன்று. கல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் மேற்பார்வையில் ஆராய்ந்துகொண்டிருந்த ராமநாதன், தூய நீரில் சிதறும் ஒளியோடு மெல்லிய வேற்று நிற ஒளியொன்றும் வருவதை 1923-இல் கண்டார். நீரிலுள்ள மாசு ஒளிர்வதே அதற்குக் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. ஆனால், திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. அவ்வொளி மாசின் ஒளிர்வு அன்று, புதுவகைச் சிதறலே என்பதை ராமனும் கிருஷ்ணனும் 1928-இல் நிலைநாட்டினர். இன்றும் மங்கலான ஒளிர்வை அளப்போர், நீரிலிருந்து வரும் ராமன் ஒளியைக் காட்டியின் ஒளியென மயங்காதிருக்க, காட்டி சேராத வெறும் நீரையும் அளந்து பார்க்கின்றனர். தூண்டும் ஒளியின் அலை நீளத்தை மாற்றினால் ராமன் ஒளி அதனோடு இடம் பெயரும். உண்மையான ஒளிர்வு பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும்.

உயிரணுச் சோதனையிலும் இத்தகைய எதிர்ச் சோதனைகள் இன்றியமையாதவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. துகள் சேர்க்காத உயிரணுக்களையும் அதே ஒளியில் பார்த்தல். இதனால் இயற்கை ஒளியின் அளவு தெரியும்.

2. தையால் தொகுதியை மூடிவிடும் எத்தில் மலியமைடு போன்ற பொருளை முதலிற் சேர்த்துப் பின்னர் துகளை இடுதல். இப்போதும் ஒளி வருமாயின் அதற்குக் காரணம் தையால் அன்று.

3. அவ்வாறு மூடியபின் சிஸ்டெயினை வெளியிலிருந்து சேர்த்தல். ஒளி மீள வேண்டும்.

4. மற்ற அமினோ அமிலங்கள், ஹோமோசிஸ்டெயின், குளூட்டதையோன் ஆகியவற்றை, உயிரணுவில் அவை உள்ள அளவிலேயே சேர்த்து ஒப்பிடுதல்.

5. துகளினால் உயிரணுக்கள் இறக்கின்றனவா என்று பார்த்தல். மடியும் உயிரணுவின் செய்தி, வாழும் உயிரணுவின் செய்தி ஆகாது.

நான்காவது சோதனையில் அளவு என்பது கவனிக்கத்தக்கது. எல்லாப் பொருள்களையும் சம அளவில் சேர்த்துச் சிஸ்டெயினே முதலிடம் பெற்றது என்று காட்டுவது எளிது. உயிரணுவில் அவை சம அளவில் இருப்பதில்லை.

களப்பணியிலும் வகுப்பறையிலும்

இத்துகள்கள் இன்று ஆராய்ச்சிச் சாலைக்குரிய கருவிகளேயன்றி, மருத்துவமனையில் நோயறியும் சோதனைகள் அல்ல. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில துளி இரத்தத்தைத் தாளில் ஒற்றி உலர்த்தி அனுப்பும் முறை 1960-களில் பரவத் தொடங்கியது. அமினோ அமிலக் குறைகள் பலவற்றை ஆரம்பத்திலேயே அறிய அம்முறையே இன்றும் பெரிதும் உதவுகின்றது. சிஸ்டினோசிஸ் நோயை உறுதி செய்ய, வெள்ளணுக்களைப் பிரித்து உடைத்து அவற்றிலுள்ள சிஸ்டைனை அளக்கின்றனர். காலத்தே அறிந்தால் சிஸ்டியமைனைக் கொண்டு சிறுநீரகக் கேட்டைத் தள்ளிப்போட இயலும். ஹோமோசிஸ்டெயின் மிகும் குறையுடையோரிற் சிலருக்கு வைட்டமின் பி 6 நற்பயன் தருகிறது. ஆதலின், புதிய ஒளிச் சோதனை வருமென்று எண்ணி, இன்றுள்ள சோதனையைத் தாமதிப்பது குழந்தைக்குக் கேடாகும். இதனைக் களப்பணியாளர்கள் பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஒளிர்காட்டிகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும் ஆசிரியர்கள் மூன்று கேள்விகளை மாணவர்முன் வைக்கலாம்: துகள் எதைப் பற்றி ஒளிர்ந்தது? உயிரணுவின் எந்த இடத்திலிருந்து ஒளிர்ந்தது? எதனோடு ஒப்பிட்டு அவ்வாறு முடிவு செய்யப்பட்டது? கீரைச் சாற்றின் சிவப்பொளியைக் காணும் மாணவனிடமும், அது ஸ்பிரிட்டினால் வந்ததா, இலைப்பச்சையால் வந்ததா என்று கேட்டு, வெறும் ஸ்பிரிட்டை மற்றொரு குழாயிலிட்டுப் பக்கத்தில் வைக்கச் செய்யலாம். ஆராய்ச்சிச் சாலையில் துகளற்ற உயிரணுக்களைப் பார்க்கும் சோதனையும் இவ்விரண்டாவது குழாயும் ஒரே வகையினவே.